புது போன் திரை மஞ்சளானால் யார் பொறுப்பு?

கேள்வி: மஸ்கெலியாப் பக்கத் தோட்டத்தில் இருக்கிறேன். அம்மாவுக்குச் சீட்டு விழுந்த காசில் ஹற்றன் டவுனில் 68,000 ரூபாய்க்குப் புது போன் வாங்கினேன். இரண்டாவது வாரமே திரையின் இடது ஓரம் மஞ்சளாகி, இப்போது இளஞ்சிவப்பாகப் பரவுகிறது. “அடுத்த வாரம் வாங்க” என்று இழுத்த கடைக்காரர், இப்போது “பனி ஈரம் பட்டிருக்கும், வாரண்டியில் வராது” என்கிறார். இரண்டு மாதம் ஓடிவிட்டது. வாரண்டி அட்டை இருக்கிறது, பில் தரவில்லை.

பதில்: சகோதரி, இனி ஒரு வாரம்கூடக் கடைக்காரருக்குக் கொடுக்காதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவுப்படி, பொருள் விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். “அடுத்த வாரம்” என்ற பேச்சில் அந்த நாட்கள் கரைந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மனம் வலிக்கும். விசாரணையில் உங்கள் பக்கம் நியாயம் என்று கண்டால் பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ அதிகாரசபை உத்தரவிடலாம்.

“கம்பனியிடம் போங்கள்” என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். விற்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது 1896 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. அந்தப் பொறுப்பு விற்றவருடையது.

பனி என்ற சாக்குக்கு வருவோம். 2017 இல் சாம்சங் கேலக்ஸி எஸ்8 திரைகள் சிவப்பாகத் தெரிகின்றன என்று பல நாட்டிலும் முறையிட்டார்கள், நிறுவனம் மென்பொருளைத் திருத்தி அனுப்பியது. அதே வருடம் பிக்சல் 2 எக்ஸ்எல் திரைக் குறைகளால் கூகுள் வாரண்டியை இரண்டு வருடமாக்கியது. அங்கெல்லாம் மலைநாட்டுப் பனியா பெய்தது? ஈரம் என்றால் சர்விஸ் சென்டர் அதை எழுத்தில் தரட்டும். பல போன்களில் சிம் போடும் இடத்தில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் சிறு அடையாளம் உண்டு, அதைப் படம் எடுத்துவையுங்கள். உண்மையிலேயே தண்ணீரில் விழுந்திருந்தால் மறைக்காதீர்கள், முறைப்பாடு அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம், இரவு வெளிச்ச அமைப்பை அணைத்துப் பாருங்கள். அது திரை முழுவதையும் மஞ்சளாக்கும், ஒரு ஓரத்தை மட்டும் அல்ல. வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, வேறொரு போனால் படம் எடுங்கள். ஸ்கிரீன்ஷாட் உதவாது, திரையின் குறை அதில் பதியாது.

கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. இன்றே கேளுங்கள். மறுத்தால் அதையும் முறைப்பாட்டில் எழுதி, வாரண்டி அட்டையின் பிரதியை இணையுங்கள். சிங்களம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதும் உரிமை அரசியலமைப்பிலேயே உண்டு. அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வழிகேட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதுவரை போனைக் கடையில் விட நேர்ந்தால், ஐஎம்இஐ இலக்கமும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) திகதியும் குறையும் எழுதிய துண்டை வாங்காமல் வெளியே வராதீர்கள்.