சாண்டோரினியில் மாலைநேரப் பாய்மரப் படகுப் பயணம்: நீச்சல் தெரியாத, சைவம் சாப்பிடும் குடும்பத்துக்கு ஒத்துவருமா?

செப்டம்பரில் அம்மா அப்பாவோடு கிரேக்கத் தீவான சாண்டோரினிக்குப் போவதாகவும், அங்கே மதியம் கிளம்பி இரவில் திரும்பும் பாய்மரப் படகுப் பயணம் பற்றிக் கேள்விப்பட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு நீச்சல் தெரியாது, சாப்பாடு சைவம், ஆளுக்கு நூறு யூரோவுக்கு மேல் ஆகிறது, அந்தக் காசுக்குத் தகுமா என்பது உங்கள் கேள்வி.

தகும். இதே தயக்கம் எங்களுக்கும் இருந்தது. நாங்கள் இருப்பது ஜெர்மனியில். ஊரிலிருந்து அத்தை (கணவரின் அம்மா) வந்திருந்தபோது நான்கு பேராகப் போனோம்: அத்தை, நாங்கள் இருவர், பத்து வயது மகன். அத்தைக்கு 63 வயது, சுத்த சைவம். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர் என்பதால் கடலில் எத்தனையோ முறை முழுக்குப் போட்டிருக்கிறார், ஆனால் இடுப்பளவு தண்ணீரைத் தாண்டியதில்லை. இன்றைக்கும் அந்தத் தீவில் எது பிடித்தது என்று கேட்டால் அத்தை முதலில் சொல்வது படகைத்தான்.

விளம்பரங்கள் எல்லாமே சூரியன் மறைவதைத்தான் படம் பிடித்துக் காட்டும். அது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சூரியன் மறைவதைக் கரையிலிருந்தும் பார்க்கலாம். படகில் போனால் மட்டுமே கிடைக்கிற அனுபவம், ஓர் எரிமலையின் வாய்க்குள் மிதப்பது.

சாண்டோரினி பிறை வடிவத் தீவு. ஒரு காலத்தில் கிட்டத்தட்ட வட்டமாக இருந்தது. ஏறக்குறைய 3600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த வெடிப்பில் நடுப்பகுதி உள்ளே சரிந்துவிட, அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்துவிட்டது. வடக்கு தெற்காக ஏறக்குறைய 11 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 7 கிலோமீட்டர். சுற்றிலும் நிற்கும் பாறைச் சுவர் சில இடங்களில் 300 மீட்டர் உயரம். தண்ணீருக்கடியிலும் அதே சுவர்தான் இறங்கிக்கொண்டே போகிறது. ஆழமான இடத்தில் 400 மீட்டரை நெருங்கும். மேலே ஊருக்குள் நின்று பார்த்தால் இது கண்ணுக்குக் குளிர்ச்சியான நீலக்கடல், அவ்வளவுதான். கீழே படகிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போதுதான் அந்தச் சுவர் புரிகிறது. கறுப்பு, செம்மண் நிறம், சாம்பல் என்று அடுக்கடுக்காக எரிமலையின் கணக்கு அதில் எழுதியிருக்கிறது. மேல் விளிம்பில் வெளுத்த ஒரு பட்டை தெரியும், அதுதான் அந்தப் பெரிய வெடிப்பில் கொட்டிய நுரைக்கல். அதற்கும் மேலே சுண்ணாம்பு சிந்திய மாதிரி வீடுகள். மகன் அன்றைக்கு முழுக்க அந்தச் சுவரைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

சரி, எந்தப் படகு? பெரிய மரப்படகுகளில் பாதி விலைக்கும் குறைவாகக் கூட்டிப் போகிறார்கள். எங்கள் உறவினர் ஒருவர் அப்படிப் போனார். நூறு பேருக்கு மேல், உட்கார நிழல் இல்லை, தண்ணீரில் குதிக்கவும் வரிசை, ஏறவும் வரிசை. பெரியவர்களைக் கூட்டிப் போவதென்றால் அதைத் தவிர்த்துவிடுங்கள். இருபது பேருக்குள் ஏற்றும் கேட்டமரான் படகைத் தேடுங்கள். இரண்டு உடற்பகுதிகள் சேர்ந்த படகு என்பதால் ஆட்டம் குறைவு, படிகள் அகலம், கழிப்பறை உண்டு, நடுவில் நிழலான இருக்கை உண்டு. கேட்டமரான் என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். அத்தையிடம் அதைச் சொன்னதும் படகைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "இதுல எங்க கட்டு இருக்கு?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பெயர் நம்முடையது, இரட்டை உடல் அமைப்பு பசிபிக் தீவுக்காரர்களுடையது. ஆனாலும் சொந்தப் பெயருள்ள படகில் ஏறுகிறோம் என்ற எண்ணம் அவருக்குப் பெரிய தைரியம் கொடுத்தது.

விடுதிக்கே வண்டி அனுப்பித் தெற்கே விலிக்காடா துறைக்குக் கூட்டிப் போனார்கள். சில படகுகள் வடக்கே இயா ஊருக்குக் கீழே உள்ள அம்முடியிலிருந்தும் கிளம்பும். ஏறியதும் செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட வேண்டும். முன்பக்கம், நம் ஊர்ப் பேச்சில் அணியம், இரண்டு உடல்களுக்கும் நடுவே வலை கட்டியிருக்கும். கீழே அலை ஓடுவது தெரியும்படி அதில் படுத்துக்கொள்ளலாம். மகன் போனதும் அதில் விழுந்தவன்தான். வெயில் அங்கே நேரடியாக அடிக்கும், தொப்பி கட்டாயம்.

முதலில் சிவப்புக் கடற்கரை. இரும்புச்சத்து மிகுந்த செந்நிறப் பாறை. மேலிருந்து கல் சரியும் ஆபத்து இருப்பதால் நடந்து போகிறவர்களுக்கு எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அதனால் கடலிலிருந்து பார்ப்பதே நல்லது. அதற்குப் பக்கத்தில்தான் அக்ரோத்திரி இருக்கிறது. அந்த வெடிப்பில் சாம்பலுக்கு அடியில் போன ஊர். 1967-இல் ஸ்பிரிடான் மரினாத்தோஸ் என்ற கிரேக்கத் தொல்லியலாளர் தோண்டத் தொடங்கினார். அங்கே கிடைத்த சுவரோவியம் ஒன்றில் கப்பல்கள் வரிசையாகப் போகும். ஒன்றில் பாய் விரிந்திருக்கும், பக்கத்தில் டால்பின்கள் துள்ளும். முடிந்தால் படகுக்கு முதல் நாளே அக்ரோத்திரியைப் பார்த்துவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அந்தக் கரையோரம் போகும்போது, இதே தண்ணீரில்தானே அந்தக் கப்பல்கள் போயிருக்கும் என்று எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

அடுத்து வெள்ளைக் கடற்கரை. நீச்சல் தெரியாதவர்களுக்கு உகந்த இடம் இதுதான், இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். நங்கூரம் போட்டுப் பின்பக்கம் ஏணியை இறக்கிவிடுவார்கள். ஒரு கயிற்றில் மிதவை கட்டித் தண்ணீரில் விடுவார்கள். உயிர்காப்புச் சட்டை, பிடித்து மிதக்க நீளமான பஞ்சுக் குழல் எல்லாம் படகிலேயே இருக்கும். என்ன உடுத்துவது என்பது எங்கள் வீட்டில் இரண்டு நாள் பேச்சாக இருந்தது. கடைசியில் முழங்கால் வரை வரும் நீச்சலுடை, அதற்கு மேல் ஒரு டீ சர்ட் என்று முடிவானது. பருத்தி சுடிதார் வேண்டாம், தண்ணீர் குடித்துக் கனத்துவிடும்.

அத்தை ஏணியின் கடைசிப் படியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. சிறிய குழுவில் போவதன் அருமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பின்னால் ஐம்பது பேர் நின்றிருந்தால் அவர் எழுந்து உள்ளே போயிருப்பார். படகுப் பணியாளர் ஒரு பெண், முதலில் தானே தண்ணீரில் இறங்கி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றுமில்லை. அத்தை "முருகா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு இறங்கினார். சட்டை அவரைத் தூக்கிப் பிடித்ததும் முகத்தில் வந்த ஆச்சரியம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "ஏட்டி, காலுக்குக் கீழ தரையே இல்லையே!" என்று கத்தினார், பயத்தில் இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் வெளியே வரவில்லை. அடியில் கல்லும் மீனும் தெரிகிற தெளிந்த தண்ணீர். செப்டம்பரில் கடல் 24 டிகிரியை ஒட்டி இருக்கும், குளிர் தெரியாது. மே மாதம் என்றால் நான் இந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

அதற்குப் பிறகு 1892-இல் கட்டிய அக்ரோத்திரி கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக்கொண்டு அந்த எரிமலைப் பள்ளத்துக்குள் நுழைவார்கள். நடுவில் இரண்டு கருந்தீவுகள் நிற்கும். பலேயா கமேனி, நேயா கமேனி, அதாவது பழைய எரிந்தது, புதிய எரிந்தது. பழையது ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள்ளிருந்து எழுந்தது. புதியதில் கடைசியாக 1950-இல் எரிமலை கக்கியது. பலேயா கமேனியில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, ஒரு குட்டி வெள்ளைத் தேவாலயத்துக்குப் பக்கத்தில். இங்கே உங்கள் அம்மா அப்பாவை இறக்க வேண்டாம். படகு ஊற்று வரை போகாது; ஆழமான தண்ணீரில் கொஞ்ச தூரம் நீந்தித்தான் போக வேண்டும். அந்தத் தண்ணீரும் கொதிக்கும் வெந்நீர் இல்லை, வெதுவெதுப்புதான். இரும்பும் கந்தகமும் கலந்து செம்பழுப்பாக இருக்கும். வெளிர்நிற உடையில் கறை ஏறினால் போகாது. மெட்டி, கொலுசு, எதுவானாலும் வெள்ளியைக் கழற்றி வைத்துவிடுங்கள். என் கணவரும் மகனும் நீந்திப் போய்வந்தார்கள். மகனின் வெள்ளி அரைஞாண் கறுத்துப்போய் வந்தது, வீட்டுக்கு வந்து அத்தை விபூதி போட்டுத் தேய்த்து வெளுக்க வைத்தார்.

அவர்கள் நீந்தும் நேரத்தில் பின்பக்கத்து அடுப்பில் சமையல் நடக்கும். கோழி, இறால், பன்றி இறைச்சி எல்லாம் அதே தணலில்தான் சுடுவார்கள். அதனால் பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிவிடுங்கள். முட்டை, மீன் கூடாது என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டும், அங்கே பலருக்கு மீன் சைவக் கணக்கில் வந்துவிடுகிறது. "காய்கறியைத் தனியாகச் சமைத்துத் தர முடியுமா?" என்று கேட்டதற்கு, எங்களுக்கு வாணலியில் வதக்கிக் கொடுத்தார்கள். பட்டினிக்கு வழியே இல்லை. திராட்சை இலையில் சோறு வைத்துச் சுருட்டிய தோல்மாதாக்கியா, தயிரும் வெள்ளரியும் பூண்டும் சேர்ந்த சட்ஸிக்கி, தக்காளி வெள்ளரியோடு ஃபெட்டா பாலாடைக்கட்டி. அத்தைக்குப் பிடித்தது ஃபாவா. அந்தத் தீவிலேயே விளையும் ஒரு மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெயும் பச்சை வெங்காயமும் போட்டுத் தருகிறார்கள். பார்க்கவும் ருசிக்கவும் நம் கடைந்த பருப்புதான், ஒரு சீரகத் தாளிப்பு மட்டும்தான் குறை. நாங்கள் கொண்டு போன எலுமிச்சை ஊறுகாயை அதற்குத் தொட்டுக்கொண்டு அத்தை சாப்பிட, அந்தப் பணியாளர் பெண்ணும் கேட்டு வாங்கி ருசி பார்த்தார். ஊறுகாய்ப் பாக்கெட் இரண்டு பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஊர்த் திராட்சை மதுவும் ஊற்றுவார்கள், அசிர்த்திகோ என்ற வெள்ளைத் திராட்சை. காற்று அடித்து நொறுக்கும் என்பதால் கொடியைத் தரையோடு கூடை மாதிரிச் சுற்றி வளர்க்கிறார்கள், பழம் கூடைக்குள் மறைந்து விளையும். வேண்டாம் என்றால் பழச்சாறு கொடுப்பார்கள்.

பாய்மரப் படகு என்றாலும் பாதி வழி இயந்திரத்தில்தான் ஓடியது. அங்கே கோடையில் வடக்கிலிருந்து மெல்தெமி என்று ஒரு காற்று அடிக்கும். நம் கணக்கில் வாடைதான், ஆனால் குளிர்காலக் காற்று இல்லை, வறண்ட வெயில்காலக் காற்று. போகும்போது அது முகத்துக்கு நேரே. திரும்பித் தெற்கே வரும்போது முதுகில் வந்தது, அப்போதுதான் பாயை ஏற்றினார்கள். இயந்திரத்தை அணைத்தார்கள். படபடவென்று அடித்துக்கொண்டிருந்த பாய் ஒரு நொடியில் புடைத்து இறுகியது. அதன் பிறகு தண்ணீர் பக்கவாட்டில் வழிந்தோடும் சத்தம் மட்டும்தான். அதுவரை பேசிக்கொண்டிருந்த பதினாறு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

கலங்கரை விளக்கத்தைத் தாண்டி மேற்கே திறந்த கடல் தெரியும் இடத்தில் படகை நிறுத்தினார்கள். செப்டம்பர் பிற்பகுதியில் ஏழு மணியைத் தாண்டியதும் சூரியன் இறங்கிவிடும்; ஜூனில் என்றால் எட்டரையும் தாண்டும். இயா கோட்டையில் இடம் பிடிக்க ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நெருக்கியடித்து நிற்பார்கள், அதையும் ஒரு நாள் செய்து பார்த்தோம். படகில் அத்தை துண்டைப் போர்த்திக்கொண்டு வலைக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சூரியன் பாதி முங்கியபோது கை கூப்பினார். முழுக்க மறைந்த பிறகும் கால் மணி நேரம் பாறைச் சுவர் செம்பு நிறத்தில் இருந்தது. எல்லாரும் மேற்கைப் படம் எடுப்பார்கள். நீங்கள் அந்த நேரத்தில் கிழக்கே திரும்பிப் பாருங்கள்.

மறைந்ததும் குளிர் சட்டென்று ஏறும். ஈரத்துணியோடு இருந்தால் பெரியவர்களுக்கு நடுக்கமே வந்துவிடும். மாற்றுத்துணி, ஒரு கம்பளிச் சட்டை, தலைக்கு ஒரு துணி கட்டாயம். வாந்தி வரும் என்று பயமிருந்தால் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும், ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. என் கணவர் போடாமல் வந்து முதல் ஒரு மணி நேரம் கஷ்டப்பட்டார்.

கடைசியாக, நாள் பார்ப்பது. காற்று மிஞ்சினால் துறைமுக அதிகாரிகள் படகுகளைக் கிளம்பவிட மாட்டார்கள். எங்கள் முதல் பதிவு அப்படித்தான் காலையில் ரத்தானது. இரண்டு நாள் கழித்து வேறு தேதி கொடுத்தார்கள். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாளுக்குப் பதிவு செய்திருந்தால் எல்லாமே போயிருக்கும். நீங்கள் நான்கு நாள் தங்குவதாக எழுதியிருப்பதால் இரண்டாம் நாளுக்குப் போடுங்கள். ரத்தானால் பணம் திரும்ப வருமா, தேதி மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அம்மாவுக்கு நீச்சலுடை கிளம்பும் முன்னாலேயே வாங்கிவிடுங்கள், தீவில் விலை அதிகம்.