ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, பிள்ளைகளின் கைக்கு என்ன வந்தது?

கேள்வி: எங்களுடையது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பில் 32 பிள்ளைகள். ஸ்மார்ட் போர்டு மாட்டிய முதல் வாரம் ஒரே கொண்டாட்டம். இப்போது வீடியோ பார்ப்பதோடு சரி. முன்னாள் மாணவர்கள் 40,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். டேப்லெட் வாங்கலாமா, பிள்ளைகள் கையால் செய்து பார்க்கிற மாதிரி வேறு ஏதாவது இருக்கிறதா? – ஒரு தலைமையாசிரியை

பதில்: டீச்சர், முதலில் ஒரு சின்னக் கணக்கு. 40 நிமிடப் பாடவேளையில் 32 பேரும் முறை வைத்துப் போர்டைத் தொட்டால் ஆளுக்கு ஒன்றேகால் நிமிடம். எழுந்து வந்து திரும்பிப் போவதிலேயே அது கரைந்துவிடும். உங்கள் மீது தப்பில்லை. ஒருவர் தொட, மீதி முப்பத்தொரு பேர் பார்க்கிற சாதனம் அது.

டேப்லெட் வேண்டாம் என்பேன். இந்தத் தொகைக்கு நாலைந்து வரும். ஒரு பிள்ளை மடியில் வைத்துக்கொள்ள, மற்றவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள். எந்தப் பாடமானாலும் விரலுக்குக் கிடைப்பது அதே வழவழக் கண்ணாடிதான்.

உங்களுக்கு நான் சொல்வது மைக்ரோபிட். நாலு சென்டிமீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பலகை. நாம் எழுதும் கட்டளைப்படி நடக்கும் குட்டிக் கம்ப்யூட்டர். 2016-ல் பிபிசி முன்நின்று பிரிட்டனில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்குச் சுமார் 10 லட்சம் பலகைகளை இலவசமாகக் கொடுத்தது. உங்கள் ஆறாம் வகுப்பின் வயதுதான். முகப்பில் 25 குட்டி விளக்குகள், இரண்டு பொத்தான்கள். அசைவு, வெப்பம், வெளிச்சம் எல்லாம் அதற்குத் தெரியும். 2020-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ஸ்பீக்கரும் மைக்கும் உண்டு. அதையே கேட்டு வாங்குங்கள். நாலு பேருக்கு ஒன்று வீதம் எட்டு பலகை, பேட்டரி டப்பா, இரண்டு முனையிலும் பல் வைத்த கிளிப் உள்ள ஒயர்கள். இவ்வளவும் உங்கள் தொகைக்குள் அடங்கும், மீதியும் இருக்கும். ஆனால் இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.

கம்ப்யூட்டர் லேப் இல்லையே என்று யோசிக்காதீர்கள். ஒரு லேப்டாப் போதும். மேக்கோட் என்ற இலவசத் தளத்தில் கட்டளைக் கட்டங்களை இழுத்துப் பொருத்தி, அந்தக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். யூஎஸ்பி ஒயரில் மாட்டினால் மைக்ரோபிட் பென் டிரைவ் மாதிரி திரையில் தெரியும். கோப்பை அதில் போட்டால் வேலை முடிந்தது. எட்டிலும் ஒரே கோப்புதான். அப்புறம் லேப்டாப்பும் வேண்டாம், இணையமும் வேண்டாம். டிவி ரிமோட்டில் போடும் மெல்லிய பேட்டரி இரண்டு போதும். மின்சாரம் போனாலும் பாடம் நிற்காது.

எதில் தொடங்குவது? மின்கடத்திகள், காப்பான்கள் வருகிற மின்னியல் பாடத்தில். எழுத வேண்டியது ஒரே நிபந்தனை: ‘பி1’ முனை (பலகையின் கீழ் ஓரத்தில் 1 என்று எழுதிய இடம்) தொடப்பட்டால் டிக் குறியும் ஒரு பீப் சத்தமும், இல்லாவிட்டால் இன்டு குறி. பி1-ல் ஒரு ஒயர், ‘ஜிஎன்டி’ (கிரவுண்ட்) என்று எழுதிய முனையில் இன்னொரு ஒயர். இரண்டின் மறுமுனைக்கும் நடுவே பிள்ளைகள் கையில் கிடைத்ததை வைக்கட்டும். பி0 முனையை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். மைக்ரோபிட் ஒலியை அந்த வழியாகவும் அனுப்பும், தொடுவதைக் கவனிக்கவிடாது. இது தெரியாமல் ஒரு பயிற்சி வகுப்பில் அரை மணி நேரம் நான் திருதிருவென்று முழித்திருக்கிறேன்.

பொருளைக் கிளிப்பில் மாட்டுவதற்கு முன் ‘டிக் வருமா, இன்டு வருமா’ என்று ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் எழுதியாக வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எழுதாத பிள்ளைக்கு டிக் வந்தாலும் ஒன்றுதான், இன்டு வந்தாலும் ஒன்றுதான். எழுதிய பிள்ளைதான் ‘இதெப்படி?’ என்று கேட்கும். ஸ்மார்ட் போர்டுக்கும் இங்கே வேலை வரும்: குழு வாரியாக ஊகத்தையும் விடையையும் அட்டவணையாக அதில் போடுங்கள்.

ஸ்பூன், ஸ்கேல், ரப்பர் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். நேரத்தைக் கொடுக்க வேண்டியது மற்றவற்றுக்கு. காய்ந்த நூலுக்கு இன்டு. அதையே உப்புத் தண்ணீரில் நனைத்தால் டிக். உருளைக்கிழங்கு, ஈரக் களிமண் இரண்டுக்கும் டிக். இரண்டு பக்கமும் சீவிய பென்சிலை மாட்டினால் மரம் கடத்தாது, உள்ளே இருக்கும் கரிக்குச்சி கடத்தும். ஒருமுறை ஒரு குழுவின் பென்சிலுக்கு மட்டும் இன்டு வந்தது. பலகையை மாற்றினோம், ஒயரை மாற்றினோம், பேட்டரியை மாற்றினோம். கடைசியில் ஒரு பையன், “சார், இது நேத்து மாடியிலிருந்து விழுந்துச்சு” என்றான். உடைத்துப் பார்த்தால் உள்ளே குச்சி துண்டு துண்டாக இருந்தது. ‘மின்சுற்றில் இடைவெளி’ என்று அன்றைக்குப் போர்டில் எழுத வேண்டிய அவசியமே வரவில்லை.

அடுத்து, நாலைந்து பேர் கை கோத்து நிற்கட்டும். முதல் பிள்ளை ஜிஎன்டி ஒயரையும், கடைசிப் பிள்ளை பி1 ஒயரையும் பிடித்தால் பீப் வரும். நடுவில் ஒருவர் கையை விட்டால் நின்றுவிடும். கை காய்ந்திருந்தால் லேசாகத் தண்ணீர் தொட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு பேட்டரி சேர்ந்து மூன்று வோல்ட்தான், பயமில்லை. ஆனால் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் வேறு, அதில் இந்த விளையாட்டே கூடாது என்பதைப் பாடம் தொடங்கும் முன்னும் சொல்லுங்கள், முடிந்த பின்னும் சொல்லுங்கள்.

பழகியபின் நிபந்தனையைப் பிள்ளைகளே மாற்றட்டும். தொட்டிச் செடியின் மண்ணில் இரண்டு ஆணி குத்தி ஈரம் பார்ப்பது ஏழாம் வகுப்புக்குச் சரியாக இருக்கும்.

கடைசியாக பீரோ விஷயம். ஒரு பள்ளியில் பலகைகள் வந்து ஒரு வருடமாகியும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. உடைந்தால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது என்ற பயம். இருப்புப் பதிவேட்டில் ஏற்றும்போதே, இவை மாணவர் கையாளுவதற்கு, தேய்மானம் உண்டு என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுவிடுங்கள். பலகைகளை ஒரு டிபன் டப்பாவில் போட்டு வகுப்பிலேயே வையுங்கள். கோடை விடுமுறைக்குப் பூட்டும்போது மட்டும் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து பேட்டரி டப்பாவின் கம்பியை அரித்துவிடும்.