பக்கத்துல பெரிய பார்க் வந்தா சின்ன தீம் பார்க் ஏன் தாக்குப்பிடிக்க முடியல?

கேள்வி நல்ல கேள்வி, ஜப்பான்ல நடந்ததை வச்சு சொல்றேன்.

நாரா ட்ரீம்லேண்ட்னு ஒரு பார்க், 1961ல கலிபோர்னியா டிஸ்னிலேண்டை அப்படியே பாத்து கட்டுனாங்க, வாசல்ல ரயில் ஸ்டேஷன், உள்ள கோட்டை எல்லாம் அதே மாதிரி. 1983ல டோக்கியோ பக்கம் நிஜ டிஸ்னிலேண்டே வந்துடுச்சு. 2001ல ஒசாகாவுல யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வந்துச்சு, நாராவுல இருந்து ரொம்ப கிட்ட. 2006 ஆகஸ்ட்ல ட்ரீம்லேண்டை மூடிட்டாங்க. அப்புறம் பத்து வருஷம் போல இடிக்காம கிடந்துச்சு, 1998ல போட்ட அஸ்காங்கிற மர ரோலர் கோஸ்டர் மேல கொடி படர்ந்து கிடந்த போட்டோவைப் பாத்தா மனசு கனத்துடும்.

காரணம் பணம்தான். 200 பேர் வந்தாலும் 2000 பேர் வந்தாலும் ரைடுக்கு ஆபரேட்டர், தினசரி செக்கிங், மெயின்டனன்ஸ் செலவு பெருசா குறையாது, பெரிய பார்க்குக்கு ஹோட்டல், சாப்பாடு, பொம்மை, தொப்பினு காசு வந்துட்டே இருக்கும், சின்னவங்க டிக்கெட்டை நம்பித்தான் ஓட்டணும். யுனிவர்சல் 2014ல ஹாரி பாட்டர் ஏரியாவுக்கு மட்டும் சுமார் 4,500 கோடி யென் போட்டாங்க, அதுக்கு ஈடா யாரால போட முடியும்?

ஆனா அதே ஒசாகா பக்கத்துல ஹிராகாட்டா பார்க் இன்னைக்கும் ஓடுது, நூறு வருஷம் தாண்டிடுச்சு. கெய்ஹான் ரயில் கம்பெனியோட பார்க், ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிடலாம். அந்த ஊர்லயே பொறந்த நடிகர் ஒகாடா ஜுனிச்சியை விளம்பரத்துல போட்டு "நம்ம ஊரு பார்க்"னு ஜனங்களை நினைக்க வச்சாங்க. என்னைக் கேட்டா ட்ரீம்லேண்ட் தோத்தது அங்கதான், அது கடைசி வரைக்கும் இன்னொருத்தரோட நகலாவே இருந்துடுச்சு.