பயிற்சி வாசல் கேட்டிலிருந்தே வேண்டும்

கேள்வி: பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியின் விளையாட்டு வளாகத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். நீச்சல்குளம், ஜிம், பேட்மின்டன் கோர்ட் எல்லாம் என் பொறுப்பு. தன்பாலின ஈர்ப்புள்ள மாணவர்கள், திருநங்கை, திருநம்பி மாணவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று ஊழியர்களுக்கு அரை நாள் பயிற்சி நடத்தச் சொல்லியிருக்கிறார் பிரின்சிபால். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஸ்ரீராமபுரம், அல்சூர் பக்கத்துத் தமிழர்கள். விஷயத்தைச் சொன்னதுமே சிரித்துவிட்டார்கள். லைஃப்கார்டு ஒருவர், "அதுங்க வீட்டுக்கெல்லாம் தெரியுமா சார்?" என்று கேட்டார். இவர்களை உட்காரவைத்து என்ன பேசுவது மேடம்?
(பெயர் வேண்டாம், பெங்களூரு)

பதில்: தம்பி, அந்த லைஃப்கார்டு கேட்ட கேள்வியைத்தான் முதலில் பேச வேண்டும், அதுவும் நிதானமாக. சிரித்தவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலையில்லை. கூச்சத்தில் வருகிற சிரிப்பு, பழகினால் நின்றுவிடும். ஆனால் ஒருவர் நல்ல மனசோடு கிருஷ்ணகிரிக்கோ சேலத்துக்கோ ஒரு போன் போட்டுவிட்டால், அந்தப் பிள்ளையின் படிப்பே நின்றுபோகலாம். பெட்டியைக் கட்டி ஊருக்குக் கூட்டிப்போவார்கள். அவசரமாக வரன் பார்ப்பார்கள். குணப்படுத்துகிறேன் என்று சொல்கிற டாக்டரைத் தேடுவார்கள். அப்படி வைத்தியம் பார்ப்பது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே அறிவித்துவிட்டது. பெற்றவர்கள் பலருக்கு அது தெரியாது.

ஆகவே டிரெஸ்சிங் ரூமில் கண்ணில் பட்டது, நம்பி ஒரு பிள்ளை சொன்னது, எதுவும் வெளியே போகக்கூடாது. வீட்டுக்கும் வார்டனுக்கும் போகக்கூடாது, டீக்கடைக்கும் போகக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் உங்களிடமோ கல்லூரி கவுன்சலரிடமோ வரட்டும்.

நம் ஆட்களுக்கு இது உறைக்க, சாந்தி சௌந்தரராஜனைப் பற்றிச் சொல்லுங்கள். புதுக்கோட்டைப் பக்கம் செங்கல் சூளைக் கூலி வீட்டில் பிறந்த பெண். 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அதைவிடக் கொடுமை, அவர் உடம்பைப் பற்றிய அந்தரங்கம் டிவியில் ஓடியது. ஓட்டப்பந்தயம் அவருக்கு அதோடு முடிந்தது. பிற்பாடு தமிழ்நாட்டில் பயிற்சியாளராக வந்தார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு, ஆனாலும் அந்த அநியாயம் இன்றைக்கும் ஆறவில்லை.

அடுத்தது கேட். வாட்ச்மேனையும் ஹவுஸ்கீப்பிங் அம்மாக்களையும் விட்டுவிட்டு கோச்சுகளுக்கு மட்டும் பயிற்சி வைத்தால் பிரயோஜனமில்லை. ஐடி கார்டில் ஆண் பெயர், எதிரே சுடிதாரில் ஒரு பிள்ளை. பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, "நீ பையனா பொண்ணா?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை மறுநாள் வராது. கார்டு நம்பரைப் பாருங்கள், "உங்களை எப்படிக் கூப்பிடணும்?" என்று மெதுவாகக் கேளுங்கள், ரிஜிஸ்டரில் எழுதி உள்ளே அனுப்புங்கள். இதை ஸ்லைடு போட்டு விளக்க வேண்டாம். ஒருவரை வாட்ச்மேனாகவும் ஒருவரை மாணவராகவும் நிற்கவைத்து, தமிழிலும் கன்னடத்திலும் நடித்துப் பார்க்கட்டும். வாய்க்குப் பழக வேண்டும்.

குளத்து வாசலில் உள்ள போர்டையும் பாருங்கள். பெண்களுக்கு ஒன் பீஸ், ஆண்களுக்கு டிரங்க் என்று இருந்தால் அழித்துவிட்டு, 'நைலான் நீச்சல் உடை, தொப்பி கட்டாயம்' என்று மட்டும் எழுதுங்கள். தண்ணீர் சுத்தத்துக்கு அது போதும். முழுக்கை போட்டு நீந்த விரும்புகிறவர்கள் எல்லாருக்கும் அது சௌகரியம். உடை மாற்ற, உள்தாழ்ப்பாள் உள்ள தனி அறை ஒன்று வேண்டும். ஸ்டோர் ரூமைக் காலி செய்தாவது கொடுங்கள், யார் கேட்டாலும் காரணம் கேட்காமல் சாவி கொடுங்கள்.

ஜிம் டிரெயினருக்கு ஒரு விஷயம். திருநம்பிப் பிள்ளைகள் சிலர் மார்பை இறுக்கும் பைண்டர் போட்டிருப்பார்கள். மூச்சு வாங்கினால் எடையைக் குறைத்து உட்காரவைக்க வேண்டும். உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று எல்லார் முன்னாலும் கேட்கக்கூடாது. கோச்சுகளோ, "பொட்டப்புள்ள மாதிரி எறியாதே", "ஒம்போது" என்கிற பேச்சை இன்றோடு விட வேண்டும். நான் உடற்கல்வி ஆசிரியையாக வாழ்ந்தவள். அந்தப் பேச்சால் மைதானத்தை விட்டுப் போன பையன்கள் எத்தனையோ பேர்.

"இதெல்லாம் எதுக்கு?" என்று யாராவது முரண்டு பிடித்தால் சட்டத்தைச் சொல்லுங்கள். 2019-ஆம் ஆண்டு திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்கள் விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. பாலினத்தையோ பாலீர்ப்பையோ வைத்துத் துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) 2016-ல் விதியில் சேர்த்துவிட்டது.

பேச ஆள் தேடினால், தமிழும் கன்னடமும் தெரிந்த திருநங்கை ஒருவரைக் கூப்பிடுங்கள். நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சால்வை போட்டு அனுப்பிவிடாமல், மற்ற பயிற்சியாளர்களுக்குக் கொடுக்கிற அதே தொகையைக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஹாஸ்டல் த்ரோபால் போட்டியில் திருநங்கை மாணவி ஒருவர் பெண்கள் அணியில் சேரக் கேட்கிறார். உலக அளவில் தடை இருக்கிறதாமே?
(வாசகி, ஜாலஹள்ளி)

பதில்: 2023-ல் உலகத் தடகளச் சம்மேளனம் கொண்டுவந்த கட்டுப்பாடு சர்வதேசத் தடகளத்துக்கு. உங்கள் ஹாஸ்டல் போட்டிக்கு விதி எழுதுவது நீங்கள்தான். சாயங்காலம் ஒரு மணி நேரம் விளையாடத்தானே கேட்கிறார்? சேர்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகப் போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால், அந்தப் போட்டியின் விதியை முன்கூட்டியே வாங்கிப் படித்து, அணித் தேர்வுக்கு முன்பே அவரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். ஜெர்சியைக் கொடுத்துவிட்டு அப்புறம் பறிக்காதீர்கள்.