பனையோலையும் பிள்ளைகளும்: நீங்கள் கேட்டவை

சாயல்குடிப் பக்கம் பனையோலைப் பெட்டி முடைந்து விற்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. என்னோடு ஆறு பெண்கள் முடைகிறார்கள். ஓலையை மட்டுமே வைத்துச் செய்வது, முடைபவருக்குக் கூலியைக் குறைக்காமல் கொடுப்பது என்று இரண்டே பிடிவாதம். போன வாரம் வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானதை எடுத்துக்கொண்டேன்.

அக்கா, மூடி வைத்த கொட்டான் (சின்ன ஓலைப்பெட்டி) 60 ரூபாய் என்றால் "பிளாஸ்டிக் டப்பா 15 ரூபாய்க்குக் கிடைக்குதே" என்கிறார்கள். விலையைக் குறைக்கட்டுமா?

குறைக்க வேண்டாம், 60 ரூபாயே நஷ்டம். முதல் எட்டு மாதம் நானும் 60-க்குத்தான் விற்றேன். கையில் பணம் புரண்டதால் லாபம் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். ஓலை வகிர 10 நிமிடம், முடைய 55, விளிம்பு மடித்துக் கட்ட 10. ஆக 75 நிமிடம். நடுவில் மகன் "அம்மா, சுச்சூ" என்று மூன்று தடவை எழுப்பியதை இதில் சேர்க்கவில்லை. அது வாடிக்கையாளர் தலையில் கட்ட வேண்டிய கணக்கு இல்லை.

எட்டு மணி நேரத்துக்கு 400 ரூபாய் கூலி என்றால் மணிக்கு 50. அப்போது 75 நிமிடத்துக்கு 62 ரூபாய் 50 காசு. ஓலைக்கும் சாயத்துக்கும் 12, பொதிக்கவும் கழிவுக்கும் 8. அடக்கமே 82.50 ஆகிவிட்டது. என் கூலியை நானே தின்றுகொண்டிருந்திருக்கிறேன். இப்போது அதே கொட்டானை 120-க்குக் கொடுக்கிறேன். பாதிப் பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் பேரம் பேசுவதில்லை.

பிளாஸ்டிக்கோடு ஒப்பிடுகிறவரிடம் வாதாட வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பலவற்றுக்குத் தடை வந்தபோது, இனி எல்லாரும் நம்மிடம்தான் வருவார்கள் என்று கனவு கண்டேன். விசாரித்து வந்தவர்களில் பலர் 15 ரூபாய்க்கு ஓலைப்பெட்டி கேட்டார்கள்!

எனக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. நீங்கள் எப்போது முடைகிறீர்கள்?

விடியற்காலை ஐந்து முதல் ஆறரை வரை. பிள்ளைகள் தூங்குவது ஒரு காரணம். ஓலைக்கும் அந்த நேரம்தான் பிடிக்கும் என்பது இன்னொன்று. காற்றில் ஈரம் இருக்கும், மடித்தால் முறியாது. சித்திரை மதியத்தில் உட்கார்ந்தால் பட்பட்டென்று வெடிக்கும். அப்படி உட்கார வேண்டிவந்தால் வகிர்ந்த ஓலையை ஈரத்துண்டில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மகன் அந்தத் துண்டைப் பிரித்து, ஓலையை ஒவ்வொன்றாக முற்றத்து மண்ணில் நட்டு, செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். "பனங்காடு வச்சிருக்கேன்" என்றான். அன்றைய வேலை அதோடு முடிந்தது.

கத்தி எடுக்கும் வேலை மட்டும் ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு. தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஓலைக் கிலுகிலுப்பை செய்து விற்கலாமா? சாயம் வாயில் போனால்?

என் பிள்ளைகளுக்குச் சாயமே முக்காத வெள்ளோலையில்தான் செய்து கொடுத்தேன். விற்பதும் அதுதான். கலர் கேட்பார்கள், மறுத்துவிடுவேன். கிலுகிலுப்பையைக் குழந்தை ஆட்டுவதைவிடச் சப்புவதுதான் அதிகம். உள்ளே போடும் கல்லோ விதையோ வெளியே வராதபடி முடிச்சை நெருக்கமாகப் போடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியவில்லை. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. அதனால் முதலில் கைவினைஞர் அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள்.

குருத்தை வெட்டினால் மரம் சாகாதா? பனையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி விற்பது பொய்யில்லையா?

நல்ல கேள்வி, கொஞ்சம் குத்துகிறது. பனைக்கு வளரும் நுனி ஒன்றுதான். அது போனால் மரமே போச்சு. ஓலையை மட்டும் எடுத்தால் மரம் தாங்கும், ஆனால் ஒரே மரத்தில் திரும்பத் திரும்ப எடுத்தால் நலிந்துவிடும். எங்களுக்கு மரமேறுகிற அண்ணன் ஒரு மரத்தில் ஒரு குருத்தோலைதான் எடுப்பார், அப்புறம் அந்த மரத்துக்கு ஓய்வு. அவருக்குக் கூலியைக் குறைத்தால் ஏறிய மரத்திலேயே இரண்டு மூன்றாக எடுத்துவிட்டு இறங்கத்தான் தோன்றும். மரத்தின் ஆயுசும் அவர் கூலியும் ஒரே கணக்கில் இருக்கின்றன. "பனையைக் காப்பாற்றுகிறோம்" என்று நான் அட்டையில் அச்சடிப்பதில்லை.

என் பத்து வயது மகள் ஆசையாக முடைகிறாள். குழந்தைத் தொழிலாளர் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

பள்ளி நேரம் போக, படிப்பு கெடாமல், குடும்பத் தொழிலில் உதவுவதைச் சட்டம் அனுமதிக்கிறது, 2016 திருத்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆபத்தான வேலையாக மட்டும் இருக்கக் கூடாது. என் வீட்டு விதி இன்னும் கடுமை. மகள் முடைவது அவளுக்கு, விற்பனைக்கு இல்லை. ஆர்டர் எண்ணிக்கையில் அவள் கை சேர்ந்தால், அடுத்த முறை அவளை நம்பியே ஆர்டர் எடுப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் புதிதாகச் சாயம் முக்காதீர்கள். பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்காமல் காற்றுப்பட வைத்து, வெயில் அடித்த அன்றைக்கு எல்லாவற்றையும் முற்றத்தில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் நிச்சயம் பூக்கும்.

கடன், மானியம்?

சிறுதொழில் செய்கிறவர்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்கு 1,500 ரூபாய் கேட்கிற ஏஜெண்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தமிழ்நாட்டில் 35 வயது ஆனவர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

எடுத்த ஆர்டரை முடிக்க முடியாமல் போயிருக்கிறதா?

போயிருக்கிறது. ஓர் ஆவணி முகூர்த்தத்துக்கு 200 தாம்பூலக் கொட்டான். 130 முடிந்த நிலையில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றாகக் காய்ச்சல். முடைகிற அக்காமார் கையிலும் வேறு வேலை. எப்படியாவது முடித்துவிடலாம் என்று இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேனே, அதுதான் தப்பு. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்தேன். நன்றாகத் திட்டினார். 70-க்கு உண்டான முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மீதிக்குத் துணிப்பை வாங்கிச் சமாளித்தார்கள்.

அதிலிருந்து, எங்களால் முடிகிற எண்ணிக்கையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வாங்குவதில்லை. இந்த ஆவணிக்கு 240 முடியும், 190-லேயே நிறுத்திவிட்டேன். நேற்று ஒருவர் "முப்பதுதானே, கூடச் சேர்த்து முடைஞ்சிட மாட்டீங்களா" என்று கேட்டார். தை மாதம் வாங்க அண்ணே என்று சொல்லியிருக்கிறேன்.