மேனேஜர் ஆனால்தான் வேலையா?

கேள்வி: என் மகள் நிர்வாகத்தில் முடிவெடுக்கும் முறைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யப் போகிறாளாம். அடுத்தவர் எப்படி முடிவெடுக்கிறார் என்று பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா? பேசாமல் ஒரு கம்பெனியில் மேனேஜர் ஆகலாமே?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, இந்த மேனேஜர் ஆசை நம்மை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. தோட்டத்து லயம் வீடுகள் போய், பால்மரம் போய், செம்பனை வந்த பிறகும் தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவைத்தான் அண்ணாந்து பார்க்கிறோம். அந்தத் துரையா முடிவெடுத்தார்? 1950களில் மலாயாவில் பல வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். முடிவு எங்கோ எடுக்கப்பட்டது. வேலையும் வீடும் போனது பால்மரம் வெட்டியவர்களுக்கு. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது.

உங்கள் ஊர்க்காரர், அன்றைய அமைச்சர் சம்பந்தன்தான் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் 10 வெள்ளி, 10 வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்க வழி செய்தார். எந்தத் தோட்டம், என்ன விலை, மரம் இன்னும் எத்தனை வருஷம் பால் கொடுக்கும்? ஏழையின் காசை வைத்து எடுக்கும் முடிவு தப்பலாமா?

உங்கள் மகள் படிக்கப்போவது இதைத்தான். தாமஸ் சாட்டி என்ற கணித அறிஞர் 1970களில் ஒரு முறையை வகுத்தார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல், இரண்டிரண்டாக ஒப்பிட்டு 1 முதல் 9 வரை மதிப்பெண் போட வேண்டும். விலையைவிட மரத்தின் வயது 2 மடங்கு முக்கியம், வயதைவிட மண்வளம் 3 மடங்கு முக்கியம் என்கிறீர்கள். அப்படியானால் விலையைவிட மண்வளம் 6 மடங்கு வர வேண்டும். "விலையும் மண்வளமும் சமம்தான்" என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் முரண்பாட்டைக் கணக்கே காட்டிக் கொடுத்துவிடும்.

அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமனின் முனைவர் பட்ட ஆய்வு 1947இல் நூலாக வந்தது. நிர்வாகி எல்லா வழிகளையும் அலசுவதில்லை, போதும் என்று பட்டது கிடைத்ததும் நின்றுவிடுகிறார் என்றார் அவர். 1978இல் பொருளியல் நோபல் பரிசு வாங்கினார். அவர் எந்தக் கம்பெனிக்கும் மேனேஜர் இல்லை, பல்கலைக்கழக வாத்தியார்.

சரி, பல்கலைக்கழக வேலையில் சம்பளம் உயர? விரிவுரையாளர், மூத்த விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று படி ஏற வேண்டும். கட்டுரை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். நிரந்தர வேலை சட்டென்று கிடைக்காது. அதற்காகத் தடுக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், ஆய்வு மேற்பார்வையாளர் யார், அவரிடம் சேர்ந்தவர்கள் முடித்தார்களா என்று மட்டும் மகளை விசாரிக்கச் சொல்லுங்கள்.