ஊருக்கு ஊர் மாறும் புற்றுநோய்

கேள்வி: ஒரு வகைப் புற்றுநோய் ஒரு நாட்டில் மிகுந்தும் வேறொரு நாட்டில் அரிதாகவும் காணப்படுவது ஏன்? அதற்குக் காரணம் அம்மக்களின் பரம்பரையா, அவர்கள் வாழும் இடமா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆயினும் ஜப்பானிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்குக் குடிபெயர்ந்தவர்களின் அனுபவம் இடத்தின் வலிமையைத் தெளிவாகக் காட்டியது. தாய்நாட்டில் பரவலாக இருந்த இரைப்பைப் புற்றுநோய் அவர்களுடைய பிள்ளைகளின் தலைமுறையில் வெகுவாகக் குறைந்தது. ஜப்பானில் அப்போது அரிதாக இருந்த பெருங்குடல் புற்றுநோய் அவர்களிடம் அதிகரித்தது.

இடம் என்று சொல்லிவிடுவது எளிது; அந்த இடத்தில் உள்ள எது நோயை உண்டாக்குகிறது என்று கண்டறிவதுதான் கடினம். 1957இல் உகாண்டாவின் கம்பாலா நகரில், முலாகோ மருத்துவமனையின் அறுவை மருத்துவரான டெனிஸ் பர்கிட்டிடம், மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் இருபுறமும் புற்றுக்கட்டி வளர்ந்து, பற்கள் ஆடி, முகமே உருமாறிப்போன ஒரு சிறுவனைக் கொண்டுவந்தார்கள். அடுத்த சில வாரங்களில் வேறோர் ஊரிலும் அதே கோலத்தில் ஒரு குழந்தையைக் கண்ட அவர், நோயின் படங்களை அச்சிட்டு ஆப்பிரிக்காவெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்பி, இத்தகைய குழந்தைகளைப் பார்த்ததுண்டா என்று விசாரித்தார். 1961இல் இரு மருத்துவ நண்பர்களுடன் பழைய ஃபோர்டு வண்டியில் ஏறத்தாழ 10,000 மைல் பயணம் செய்து, மருத்துவமனை மருத்துவமனையாக நேரில் கேட்டறிந்தார். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பே மிஞ்சுகிறது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் 5,000 அடிக்கு மேற்பட்ட ஊர்களில் அந்நோய் இல்லை. தெற்கே செல்லச் செல்ல அந்த உயர வரம்பு இறங்கிக்கொண்டே வந்தது. அப்படியானால் உயரம் வெறும் அடையாளமே, உண்மையில் எல்லை வகுப்பது வெப்பமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் உணர்ந்தார். மழை குறைந்த வறண்ட பகுதிகளிலும் நோய் அரிதாகவே இருந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த அந்த நிலப்பரப்பு, கொசு பெருகி மலேரியா ஆண்டு முழுதும் வாட்டும் நிலப்பரப்போடு ஒத்திருந்தது.

பர்கிட்டின் உரையை லண்டனில் கேட்ட வைரஸ் ஆய்வாளர் ஆன்டனி எப்ஸ்டீன், தம் சகாக்களுடன் 1964இல் அக்கட்டியின் உயிரணுக்களில் ஒரு வைரஸைக் கண்டார். அந்த வைரஸோ உலகெங்கும் வயது வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடலில் இருப்பது. பெரும்பாலோருக்கு அதனால் தீங்கில்லை. மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கும் குழந்தைகளிடம், அந்த வைரஸை அடக்கிவைக்கும் எதிர்ப்பாற்றல் தளர்ந்து, வைரஸ் குடியிருக்கும் ரத்த வெள்ளணுக்களும் அளவின்றிப் பெருகுவதால், அவற்றில் ஒன்று புற்றாக மாறும் வாய்ப்பு கூடிவிடுகிறது.